கற்பூரம்: சீன மரமும் நம் தீபாராதனையும்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு கிரிவலம் வருவோர், இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டுச் சந்நிதிகளிலும் நின்று வணங்கிச் செல்வது வழக்கம். பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையெங்கும் கற்பூர ஒளி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பூவும் தேங்காயும் வாங்க இயலாத ஏழை அன்பரும் ஒரு வில்லைக் கற்பூரம் ஏற்றி மலையை நோக்கிக் கைகூப்புவார். எளியோரும் செல்வரும் ஒன்றுபோல் பயன்படுத்தும் பூஜைப் பொருள் இதைப்போல் வேறொன்று இல்லை.

ஆனால் இந்தக் கற்பூரம் எங்கே பிறந்தது? நம் தலத்தின் மரம் மகிழம். வில்வமும் வன்னியும் நம் மண்ணிலேயே விளைகின்றன. துளசி நம் வீட்டு மாடத்தில் வளர்கிறது. கற்பூரம் மட்டும் கடல் கடந்து வந்த விருந்தாளி. அதன் தாய் மரம் சீன தேசத்தில் ஓங்கி வளர்வது. சீன மருத்துவ நூல்களில் மூலிகைச் சரக்காக இடம்பெற்றது. அம்மரத்தின் இயல்பையும், அது தரும் பொருளின் மருத்துவக் குணத்தையும், அதனால் நேரக்கூடிய தீங்கையும் நாம் அறிந்திருப்பது நன்று. பேரக்குழந்தைகள் தவழ்ந்து விளையாடும் வீடுகளில் இந்த அறிவு இன்றியமையாதது.

சீனக் கற்பூர மரம்

தாவரவியலார் இம்மரத்தைச் 'சின்னமோமம் காம்போரா' என்று அழைக்கின்றனர். நாம் சமையலில் தாளிக்கும் இலவங்கப்பட்டை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அதே லாரேசி குடும்பத்தைச் சேர்ந்தது இது. பிரிஞ்சி இலையும் இதன் உறவே. சீனத்தில் யாங்சி ஆற்றுக்குத் தெற்கேயுள்ள மாநிலங்கள், தைவான், ஜப்பானின் தென்பகுதி, வியட்நாம் ஆகியவை இதன் தாயகம்.

என்றும் பசுமை மாறாத இம்மரம் இருபது முதல் முப்பது மீட்டர் உயரம் வளரும். இலைகள் பளபளப்பானவை; அடியிலிருந்தே மூன்று நரம்புகள் தெளிவாகத் தெரியும். அந்நரம்புகள் பிரியும் கவட்டில் சிறு புடைப்புகள் காணப்படும். இலையைக் கசக்கி முகர்ந்தால் கற்பூர மணம் கமழும். வெண்மையும் வெளிர்மஞ்சளும் கலந்த சின்னஞ்சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும். மிளகைவிடச் சற்றுப் பெரிதான கருநிறக் கனிகள் காய்க்கும். மரத்தின் கட்டை, வேர், கிளை, இலை எல்லாவற்றிலும் மணமுள்ள எண்ணெய் ஊறியிருக்கிறது. அந்த எண்ணெயிலிருந்து படிகமாகப் பிரிவதே கற்பூரம்.

சீனமும் ஜப்பானும் இம்மரத்தைத் தெய்வத் தன்மை உடையதாகவே போற்றி வந்துள்ளன. ஜப்பானின் ககோஷிமா மாநிலத்தில் காமோ என்னும் ஊரின் கோயில் வளாகத்தில் நிற்கும் கற்பூர மரத்தின் அடிச்சுற்றளவு இருபத்து நான்கு மீட்டருக்கும் மேல். அதன் வயது சுமார் 1500 ஆண்டுகள் என்கின்றனர். இட்சுகுஷிமா கோயிலின் முன் கடல்நீரில் நிற்கும் புகழ்பெற்ற தோரண வாயிலின் பெருந்தூண்கள் கற்பூர மரத்தால் ஆனவை. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் அணுகுண்டு வீழ்ந்தபோது, அருகிலிருந்த சான்னோ கோயிலின் இரு கற்பூர மரங்கள் கருகி மொட்டையாயின. மாண்டன என்று கருதப்பட்ட அம்மரங்கள் பின்னர் மீண்டும் துளிர்த்தன. இன்றும் அவை நிழல் தந்து நிற்கின்றன.

இந்தியாவிலும் இம்மரம் வேறு நாட்டிலிருந்து கொணரப்பட்டு டேராடூன், நீலகிரி, மைசூர் போன்ற இடங்களில் வளர்க்கப்பட்டுள்ளது. எனினும் நம் கோயில்களின் தேவைக்கு ஈடு கொடுக்கும் அளவுக்கு அது இங்குப் பரவவில்லை.

இங்கு ஒரு விளக்கம் தேவை. சளிக்கு நாம் பிழிந்து கொடுக்கும் கற்பூரவல்லிக்கும் கற்பூரத்துக்கும் பெயரில் மட்டுமே உறவு. கற்பூரவல்லியின் மணத்துக்குக் காரணம் ஓமத்தின் மணத்தைத் தரும் வகைப் பொருள்கள். மாறாக, கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கற்பூரத் துளசி என்னும் செடியின் எண்ணெயில் உண்மையாகவே கற்பூரம் மிகுந்துள்ளது. பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றே என்று கொள்ளலாகாது.

வாறோசும் சீனச்சூடனும்

பண்டைத் தமிழர் அறிந்த கற்பூரம் ஒன்றன்று. சுமத்திரா, போர்னியோ தீவுகளின் காடுகளில் 'டிரையோபலானப்ஸ்' என்னும் மிக உயர்ந்த மரம் உண்டு. இது நம் சால மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கட்டையில் உள்ள வெடிப்புகளில் கற்பூரம் தானாகவே படிகமாக உறைந்திருக்கும். மரத்தை வெட்டிப் பிளந்தால்தான் அது கிடைக்கும். பல மரங்களைப் பிளந்தும் ஒன்றும் கிட்டாமல் போவதுண்டு. ஆகவே விலை மிக அதிகம். சுமத்திராவின் பாரூஸ் துறைமுகம் இச்சரக்குக்குப் பெயர் பெற்றது. மார்க்கோ போலோ அப்பகுதிக் கற்பூரம் பொன்னுக்கு நிகரான எடையில் விற்றதாகக் குறித்துள்ளார்.

அந்தப் பாரூஸில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் அங்கு இருந்து வாணிகம் செய்ததற்குச் சான்று. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், கற்பூர வகைகளின் நீண்ட பட்டியல் ஒன்றைத் தருகிறார். அதில் வாறோசு என்ற பெயரும் உள்ளது. சூடன், சீனச்சூடன் என்ற பெயர்களும் உள்ளன. வாறோசு பாரூஸ் துறைமுகத்தின் பெயரால் வந்தது. சீனச்சூடன் சீனத்திலிருந்து வந்தது என்பதைப் பெயரே சொல்கிறது. இன்று நாம் பெட்டிக் கடையில் 'சூடம்' என்று கேட்டு வாங்குகிறோமே, அச்சொல்லின் பழமை இவ்வளவு தூரம் செல்கிறது.

இன்னொரு செய்தி வியப்பளிப்பது. முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில், 1077-ஆம் ஆண்டில், எழுபத்திரண்டு பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனப் பேரரசரின் அவைக்குச் சென்றது. அவர்கள் கொண்டுசென்ற கையுறைப் பொருள்களில் யானைத் தந்தம், பன்னீர், பெருங்காயம் ஆகியவற்றோடு கற்பூரமும் இருந்ததாகச் சீன வரலாற்று ஏடுகள் குறிக்கின்றன. கற்பூர மரங்கள் நிறைந்த நாட்டுக்கே கற்பூரம் காணிக்கையாகச் சென்றது! தீவுகளில் கிடைத்த அரிய கற்பூரத்தைச் சீனரும் மேலானதாக மதித்தனர் என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

வேதியியல் நோக்கில் இவ்விரண்டும் வேறு வேறு. தீவுக் கற்பூரம் 'போர்னியால்' என்னும் பொருள். சீன மரத்தின் கற்பூரம் 'கேம்ஃபர்'. மணத்திலும் உருவத்திலும் உடன்பிறந்தவை எனலாம். நம் பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் திருப்பதி லட்டுவிலும் சேரும் பச்சைக் கற்பூரம் பழங்காலத்தில் தீவுகளிலிருந்து வந்த வகையே என்பர். ஆனால் அம்மரங்கள் இன்று அருகிவிட்டன. தற்காலத்தில் பச்சைக் கற்பூரம் என்ற பெயரில் விற்பவற்றுள் பல, சீன வகைக் கற்பூரத்தையே நன்கு தூய்மை செய்து படிகமாக்கியவை. பெயர் வேறாயினும் உடலில் அது செய்யும் வேலை ஒன்றே என்பதை நினைவில் கொள்க.

மரத்திலிருந்து தொழிற்சாலைக்கு

சீனர் கற்பூரம் எடுத்த முறை எளியது. முதிர்ந்த மரத்தை வெட்டிச் சிறு சிராய்களாகச் செதுக்கி, கொதிநீர்ப் பானையின் மேல் வைத்து ஆவி காட்டுவர். நீராவியோடு கற்பூரமும் எழுந்து, மேலே குளிர்ந்த மூடியில் வெண்படிகமாகப் படியும். அதைச் சுரண்டி எடுத்து மீண்டும் பதங்கமாக்கித் தூய்மை செய்வர். மரம் ஐம்பது ஆண்டுகளாவது முதிர்ந்தால்தான் நல்ல விளைச்சல் என்பதால், பெருமரங்கள் ஏராளமாக வீழ்ந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கற்பூரத்துக்கு எதிர்பாராத தேவை ஒன்று எழுந்தது. 1870-ஐ ஒட்டி அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயாத், கற்பூரத்தைக் கலந்து செல்லுலாய்டு என்னும் பொருளைச் செய்தார். சீப்பு, பொம்மை, பந்து, பின்னர் திரைப்படச் சுருள் என அனைத்துக்கும் அது மூலப்பொருளாயிற்று. நம் இளமையில் கண்ட பழைய படங்களின் சுருள்களுக்குள் பூஜையறைப் பொருள் ஒளிந்திருந்தது என்பதை எண்ணினால் புன்னகை எழும். அக்காலத்தில் உலகச் சந்தைக்குக் கற்பூரம் தந்த முதன்மை நிலம் தைவான். அத்தீவைக் கைப்பற்றிய ஜப்பான் 1899-இல் கற்பூர வணிகத்தை அரசின் தனியுரிமை ஆக்கியது. விலை ஏறியது. வேறு வழி தேடிய வேதியியலாருள் பின்லாந்தின் குஸ்தாஃப் கோம்பா 1903-இல் கற்பூரத்தைச் செயற்கையாகச் செய்து காட்டினார்.

இன்று நம் கடைகளில் கிடைக்கும் சூடத்தில் பெரும்பகுதி, பைன் மரத்தின் பிசினிலிருந்து வடிக்கும் டர்பென்டைன் எண்ணெயிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுவது. 'அப்படியானால் இது போலியா, ஆரத்திக்கு ஆகுமா?' என்று சில அன்பர்கள் என்னிடம் கேட்டதுண்டு. மூலக்கூறு ஒன்றுதான். மரக் கற்பூரம் ஒளியை ஒருபுறமாகத் திருப்பும். செயற்கைக் கற்பூரத்தில் வலம், இடம் இரண்டும் சமமாகக் கலந்திருப்பதால் திருப்பாது. எரிவதிலும் கரைவதிலும் வேறுபாடில்லை. மேலும், ஒவ்வொரு வில்லைக்காகவும் நூறாண்டு மரம் ஒன்று வீழ வேண்டியதில்லை என்பது ஒருவகையில் தருமமே.

கலப்படம் வேறு செய்தி. விலை மலிவாக விற்கும் சில வில்லைகளில் மெழுகு கலந்திருக்கும். தூய கற்பூரம் திறந்த தட்டில் வைத்தால் நாள்பட நாள்படத் தானே கரைந்து மறையும். எரித்தாலும் கசடு மிஞ்சாது. எரிந்து முடிந்தபின் தட்டில் பிசுபிசுப்போ வெள்ளைப் படலமோ நின்றால், கலப்பு உண்டென்று அறியலாம்.

மருந்தாகும் கற்பூரம்

சீன மருத்துவப் பெருநூலான 'பென்சாவ் காங்மு' 1596-இல் வெளிவந்தது. அதை இயற்றிய லீ ஷிசென், சீன மரத்தின் கற்பூரத்தையும் அதைத் தூய்மை செய்யும் முறையையும் எழுதியுள்ளார். காரமும் வெம்மையும் உடையது, நச்சுத் தன்மையும் கொண்டது என்பது சீன மருத்துவம் இதற்கு வகுத்த குணம். ஆகையால் சொறி, சிரங்கு, நமைச்சல், மூட்டு வலி, அடிபட்ட வீக்கம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் மேற்பூச்சாகவே பயன்படுத்தினர். துணிப் பெட்டியில் பூச்சி அண்டாமலிருக்கவும் வைத்தனர். கருவுற்ற பெண்களுக்கு ஆகாது என்றும் விலக்கினர்.

நம் நாட்டிலும் கற்பூராதி தைலம் போன்ற மேற்பூச்சுகள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து முதுகிலும் முழங்காலிலும் தடவும் பழக்கம் நம் வீடுகளில் பரம்பரையாக வருவது. அது வெறும் நம்பிக்கை அன்று. தோலில் குளிர்ச்சியையும் வெம்மையையும் உணரும் நரம்பு முனைகளைக் கற்பூரம் தூண்டுகிறது. முதலில் குளிர்ச்சியும் பின்னர் இளஞ்சூடும் தோன்றுகின்றன; அந்த உணர்வு மேலோங்கும்போது உள்ளிருக்கும் வலியும் அரிப்பும் சற்று மங்குகின்றன. ஆனால் தேய்ந்த மூட்டை அது சீராக்குவதில்லை. சிறிது நேர ஆறுதல் தருகிறது, அவ்வளவே.

மூக்கடைப்புக்கு முகரும் கற்பூரத்தின் கதையும் அதுவே. 1983-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வொன்றில், கற்பூரம், தைலமர எண்ணெய், மென்தால் ஆகியவற்றை முகர்ந்தவர்களின் மூச்சோட்டத்தை அளந்து பார்த்தனர். மூச்சு எளிதாக வருவதுபோன்ற உணர்வு தோன்றியதே தவிர, மூக்கின் அடைப்பு உண்மையில் குறையவில்லை. குளிர்ந்த காற்று செல்வதாக நரம்புகள் உணர்த்துகின்றன. அந்த ஆறுதலும் ஒரு நன்மைதான். ஆனால் அதை நம்பி மூச்சிரைப்புக்கு மருத்துவரிடம் செல்லாதிருப்பது தவறு.

அளவு மீறினால்

இனிச் சொல்லப்போவதை மூத்த அன்பர்கள் சற்று நின்று படிக்க வேண்டுகிறேன்.

கற்பூரம் கொழுப்பில் எளிதாகக் கரையும். ஆதலால் வயிற்றுக்குள் சென்றால் விரைவாக இரத்தத்தில் கலந்து மூளையை அடைந்துவிடும். மூளையை அது அளவுக்கு மீறிக் கிளர்ச்சியுறச் செய்கிறது, விளைவு வலிப்பு. இதை மருத்துவ உலகம் நன்கறியும். 1934 ஜனவரியில், புடாபெஸ்ட் நகரின் மருத்துவர் லாடிஸ்லாஸ் மெதுனா, மனநோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பை உண்டாக்கிச் சிகிச்சை செய்ய முயன்றபோது, அதற்காக அவர் ஊசி மூலம் செலுத்திய பொருள் எண்ணெயில் கரைத்த கற்பூரம்தான். பின்னாளில் வந்த மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கு அதுவே முன்னோடி.

வங்கியில் நெடுங்காலம் கணக்குப் பார்த்துப் பழகியவன் என்பதால் இதையும் கணக்காகவே சொல்கிறேன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு முப்பது மில்லிகிராமுக்கு மேல் கற்பூரம் உள்ளே சென்றிருந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களின் நெறி. பத்துக் கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தைக்கு அந்த எல்லை முந்நூறு மில்லிகிராம். அதாவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நாம் ஆரத்திக்கு ஏற்றும் ஒன்றிரண்டு வில்லைகளிலேயே ஒரு கிராம் இருக்கக்கூடும். ஒரு கிராம் கற்பூரத்தால் சிறு குழந்தை உயிரிழந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவு உள்ளது. வில்லையோ வெண்மையாக, கற்கண்டு போலவும் மிட்டாய் போலவும் தோன்றுகிறது. பூஜையறையில் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் தட்டில் கிடக்கிறது.

விழுங்கிய ஐந்து நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தோன்றும். வாயிலும் தொண்டையிலும் எரிச்சல், குமட்டல், வாந்தி, பதற்றம், பிறகு முன்னறிவிப்பின்றி வலிப்பு. மூச்சில் கற்பூர மணம் வீசும். 2009-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்று, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கற்பூரத்தால் வலிப்பு வந்த மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதியது. அதற்கும் முன்பே, 1982-இல், அமெரிக்க அரசு கற்பூர எண்ணெய் விற்பனையைத் தடை செய்தது; மேற்பூச்சு மருந்துகளில் நூற்றுக்குப் பதினொரு பங்குக்கு மேல் கற்பூரம் இருக்கலாகாது என்றும் வரையறுத்தது. பத்து விழுக்காடு கற்பூரம் உள்ள தைலத்தில் ஒரு தேக்கரண்டியில் சுமார் அரை கிராம் கற்பூரம் உண்டு. மேற்சொன்ன முந்நூறு மில்லிகிராம் எல்லையை அது ஒரே விழுங்கலில் தாண்டிவிடும்.

வீட்டில் கொள்ள வேண்டிய கவனம்

கற்பூரப் பொட்டலத்தையும் தைலச் சீசாவையும் இறுக மூடிக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். பூஜைத் தட்டில் மிச்ச வில்லைகளை விட்டுவிட்டு எழுந்து செல்லலாகாது. அன்றைக்குத் தேவையான வில்லையை மட்டும் எடுப்பது நல்ல பழக்கம்.

இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மார்பிலோ மூக்கிலோ கற்பூரத் தைலம் தடவுவது வேண்டாம். குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவும் கற்பூரம் உள்ளே செல்லும். 'எங்கள் காலத்தில் தடவித்தானே வளர்த்தோம்' என்று பாட்டிமார் கூறுவது இயல்பே. அன்பு குறையவில்லை, மருந்தை மட்டும் மாற்றிக்கொள்வோம். வயிற்று வலிக்கும் பூச்சிக்கும் கற்பூரத்தை வெற்றிலையிலோ வாழைப்பழத்திலோ வைத்துக் கொடுக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை அறவே நிறுத்த வேண்டும். தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் சேரும் பச்சைக் கற்பூரம் கடுகளவே. வீட்டில் செய்யும்போது மணம் கூட வேண்டும் என்று கைநிறையப் போடலாகாது. ஆரத்திச் சூடத்தை ஒருபோதும் உணவில் சேர்க்கக் கூடாது.

வலிப்பு நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் கற்பூரத்தை விலக்குவது நலம். கற்பூரமும் தைலமர எண்ணெயும் மிகுந்த பூச்சுகளால் வலிப்புத் தூண்டப்பட்டோரைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் ஆய்வு வெளியிட்டுள்ளனர். தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் நாள்தோறும் பலமுறை தைலம் தடவும் மூத்தோர், மருத்துவரிடம் செல்லும்போது அதையும் மறவாமல் சொல்ல வேண்டும். புண்ணிலும் வெடிப்பிலும் தடவ வேண்டாம்.

பீரோவில் போடும் அந்துருண்டையைக் கற்பூரம் என்று எண்ண வேண்டாம். அது நாஃப்தலின் என்னும் வேறு பொருள். அதோடு வைத்திருந்த பழைய துணியைச் சலவை செய்யாமல் பச்சிளங்குழந்தைக்குச் சுற்றினால், சில குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும்.

குழந்தை கற்பூரத்தை விழுங்கிவிட்டால், உப்புநீர் கொடுத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாந்தி வரும் நேரத்தில் வலிப்பும் வந்தால் அது மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். எண்ணெயோ பாலோ புகட்டவும் வேண்டாம். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கற்பூர நஞ்சுக்குத் தனி மாற்று மருந்து கிடையாது. ஆனால் வலிப்பை அடக்கி மூச்சைக் காக்க மருத்துவர்களால் இயலும். காலந்தாழ்த்தாமல் செல்வதில்தான் பிழைப்பு இருக்கிறது.

மலையிலும் சந்நிதியிலும்

கார்த்திகைத் தீபத் திருநாளில் 2668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபத்துக்கு நெய்யும் காடாத் துணித் திரியும் முதன்மை. தீ பற்றக் கற்பூரம் துணை. பருவதராஜ குலத்தினர் வழிவழியாகச் செய்துவரும் கைங்கரியம் அது. பதினொரு நாள் எரியும் அத்தீபத்தின் மை, பின்னர் ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜப் பெருமானுக்குச் சாத்தப்பட்டு அன்பர்களுக்கும் பிரசாதமாகிறது.

அத்தீபம் அதற்குரியோர் ஏற்றுவது. அதைக் கண்டு நாமும் மலைச்சரிவில் ஆங்காங்கே கற்பூரம் கொளுத்துவது முறையன்று. மலையில் காய்ந்த மஞ்சம்புல் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த மரக்கன்றுகளும் அவற்றை அண்டிய உயிர்களும் ஒரே மாலையில் கருகிவிடும். மலையையே இலிங்கமாக வணங்கும் நாம், அம்மலை மேலேயே தீ வைக்கலாமா? தீபத்தன்று மலையேறுவோர் கற்பூரம் முதலிய எரிபொருள்களை எடுத்துச் செல்லலாகாது என்று மாவட்ட நிர்வாகம் விதிப்பது இதனால்தான். கிரிவலப் பாதையிலும் ஒதுக்கிய இடத்தில் மட்டும் ஏற்றி, முழுதும் அணைந்த பின் நகர்வது நலம். காற்றில் பறக்கும் புடவைத் தலைப்பையும் துண்டையும் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும்.

கற்பூரம் சாம்பலை விடாதெனினும் எரியும்போது கரும்புகை எழுப்பும். அந்தக் கரி, கருவறையின் கல்லிலும் பழைய ஓவியங்களிலும் படிந்து அவற்றின் பொலிவைக் கெடுக்கிறது. ஆகவே பல கோயில்களில் கருவறைக்குள் நெய்தீபம் மட்டும் காட்டும் முறை வந்துள்ளது. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆஸ்துமா உள்ள பெரியவர் இருக்கும் சிறு வீட்டிலும் சன்னலைத் திறந்து வைத்து ஒரே வில்லையோடு முடிப்பது, அல்லது நெய்விளக்கையே ஆரத்தியாகக் காட்டுவது உகந்தது.

கரைவதே கற்பூரத்தின் பாடம்

கற்பூரத்தை ஆரத்திக்கு நம் முன்னோர் தேர்ந்ததில் ஒரு தத்துவம் உண்டு என்று பெரியோர் சொல்வர். திண்மமாக இருப்பது, உருகி நீராகி ஓடாமல், நேரே ஆவியாகிச் சுடராகிறது. பின்னர் தனக்கென எதையும் மிச்சம் வைக்காமல் மறைகிறது. 'நான்' என்னும் எண்ணமும் இறைவன் திருமுன் அவ்வாறே கரைய வேண்டும் என்பது அதன் உட்பொருள். அந்த உட்பொருளுக்குக் கற்பூரத்தின் அளவு ஒரு பொருட்டன்று. கட்டி கட்டியாகக் குவித்து ஏற்றினால்தான் பலன் என்றும் எங்கும் விதியில்லை.

சீன மண்ணில் வளர்ந்த மரம், தமிழ் வணிகரின் கப்பலில் வந்த சரக்கு, வலி தீர்க்கும் மருந்து, அளவு மீறினால் நஞ்சு, ஆண்டவன் திருமுகம் காட்டும் ஒளி என இத்தனையும் ஒரு சிறு வில்லைக்குள் அடங்கியிருக்கின்றன. அதை அறிந்து கையாள்வதும் பக்தியின் ஒரு பகுதியே. இன்று மாலை விளக்கேற்றும் முன், உங்கள் வீட்டுக் கற்பூரப் பொட்டலம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். உண்ணாமுலை அம்மனும் அண்ணாமலையாரும் உங்கள் இல்லத்துக் குழந்தைகளைக் காத்தருள்வாராக.